தேங்காயில் கழிவென்று எது?

சந்நிதியில் உடைபடும் தேங்காயின் ஓடு அகங்காரம் என்றும், உள்ளிருக்கும் வெண்மை தூய மனம் என்றும் பெரியோர் கூறுவர். மட்டையோ கோயிலை எட்டுமுன்பே உரிக்கப்பட்டுவிடுகிறது. அதன் கதி என்ன?

மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் துகள், எடையில் நாரைவிட மிகுதி. லிக்னின் என்னும் கடினப்பொருள் நிறைந்திருப்பதால் அது எளிதில் மக்குவதில்லை. மலைபோல் குவிந்து மழையில் நனைந்தால், பழுப்புச் சாறு கசிந்து அக்கம்பக்கத்துக் கிணற்று நீரைக் கெடுக்கும். பொள்ளாச்சி வட்டார உழவர்கள் அறிந்த துன்பம் இது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் வழி எளியது. ஒரு டன் துகளுக்குச் சிப்பிக்காளான் வித்து 5 புட்டியும் யூரியா 5 கிலோவும் போதும். நிழலில் 100 கிலோ வீதம் அடுக்கடுக்காகப் பரப்பி, ஓர் அடுக்கின்மேல் வித்தையும் அடுத்ததன்மேல் யூரியாவையும் மாறிமாறி இட்டு, ஈரம் காயாமல் காத்தால், ஓரிரு மாதங்களில் கருநிற எருவாகும். மணற்பாங்கான நிலத்தில் அது நீரைப் பிடித்து வைக்கும்.

ஓட்டுக்கும் உயர்ந்த பயனுண்டு. அதைக் கரியாக்கி, கடும் வெப்பத்தில் நீராவி செலுத்தினால் நுண்துளைகள் உண்டாகும். குடிநீர் வடிகட்டிகளில் மாசைப் பற்றிக்கொள்வது இத்தகைய கரியே.

வங்கியில் வாராக்கடன் என ஒதுக்கியவற்றுள் சில, முயன்றால் வசூலாவதுண்டு. குப்பையும் அவ்வகையே. திருக்கோயிலில் கொட்டாங்கச்சி வீணே எரிவதைக் கண்டால், அன்பர்களே, நிர்வாகத்தாரிடம் ஒரு சொல் கூறுங்கள். கரி சுடுவோர் அதை விலை கொடுத்து வாங்குவர்; அத்தொகை திருவிளக்கு எண்ணெய்க்கு உதவட்டும்.