சத்தத்தைக் குறைக்கும் வேலையை எண்களிடம் விடலாம்

வீட்டில் நல்ல ஒலியில் பாட்டுக் கேட்க விரும்புபவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றியிருக்கிறது. அம்பிளிபயரில் கையால் திருகும் அனலொக் குமிழ்தான் இசையைக் கெடுக்காது என்றும், கைத்தொலைபேசியிலோ கணினியிலோ டிஜிட்டல் முறையில் சத்தத்தைக் குறைத்தால் நுணுக்கங்கள் போய்விடும் என்றும் சொல்கிறார்கள். இதை நம்பி விலையுயர்ந்த குமிழ்க் கருவிகளை வாங்குபவர்களும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் காற்றையும் மின்சாரத்தையும் நாம் கேட்கும் இசையையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு வேறாக இருக்கிறது. குமிழை ஒருமுறை அளவாக வைத்துவிட்டு, அன்றாடம் கூட்டிக் குறைப்பதை டிஜிட்டலிடம் விடுவதே இங்கே பொருத்தம்.

இந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1982இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டான சீடியில் ஒலி 16 பிட் எண்களாகப் பதிவாகிறது. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்பதால், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. அந்த 16 பிட்டுக்குள்ளேயே சத்தத்தை 24 டெசிபல் குறைத்தால் 4 பிட் பறிபோகும். ஆனால் இன்றைய கருவிகள் பல 24 அல்லது 32 பிட்டில் கணக்கிடுகின்றன. 16 பிட் இசையை 24 பிட் வழியில் அனுப்பினால், 48 டெசிபல் வரை குறைத்தாலும் மூல இசையின் ஒரு பிட்டும் வெட்டுப்படாது. அதற்குப் பிறகு எல்லையாக நிற்பது எண் அல்ல, எண்ணை மின்னலையாக மாற்றும் கருவியின் சொந்த இரைச்சல்தான். நல்ல கருவிகளில் அது உச்ச ஒலிக்கு 110 டெசிபல் கீழே கிடக்கிறது. மின்விசிறி சுழலும் அறையில் அது காதுக்கு எட்டாது.

நாம் கேட்கும் பதிவுகளும் இதையே சொல்கின்றன. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவர் காலத்துக் கோயில் கச்சேரிகள் நமக்குக் கிடைப்பது ஒலிநாடாவின் தயவில். சாதாரண கசெட்டில் நாடாவின் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் இடையே 50 முதல் 60 டெசிபல்தான் உண்டு. அந்த இரைச்சலுக்கும் வெகு கீழே நடக்கும் டிஜிட்டல் கணக்குப் பிழை, தெட்சணாமூர்த்தியின் விரல் நுணுக்கத்தில் எதையும் மறைக்க முடியாது.

குமிழின் குறையோ காதுக்கு நேரே கேட்கும். அதன் உள்ளே கரிப்பாதை ஒன்றின்மேல் ஓர் உலோக முனை உரசி நகர்கிறது. கடலுக்கு அருகே வாழும் நமக்கு உப்புக் காற்றும் கோடைப் புழுதியும் புதியவையல்ல. அவை படியப் படியத் திருகும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. மலிவான குமிழ்களில் இடது வலது பாதைகள் குறைந்த சத்தத்தில் ஒத்துப்போவதில்லை. இரவில் மெல்ல வைத்துக் கேட்கும்போது நாதஸ்வரம் ஒரு பக்கமாகச் சாய்வது அதனால்தான். டிஜிட்டலில் இரு பக்கமும் ஒரே எண்ணால் குறைக்கப்படுவதால் இந்தச் சாய்வுக்கு இடமே இல்லை.

எதிர்வாதங்களில் மூன்று கனமானவை. முதலாவது, குமிழ் சத்தத்தோடு தனக்கு முன்னால் உள்ள கருவியின் இரைச்சலையும் சேர்த்துக் குறைக்கிறது. டிஜிட்டல் அதைச் செய்யாது. உண்மை. இரண்டாவது, மின்சாரம் போய் வந்தபின் சில கருவிகள் உச்ச சத்தத்தில் விழித்து ஸ்பீக்கரைக் கெடுக்கலாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதைச் சிறிய விடயமாகத் தள்ள முடியாது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: டிஜிட்டலை முழு அளவில் வைத்து, வீட்டில் கேட்கக்கூடிய மிக உரத்த அளவு வரை மட்டுமே அம்பிளிபயர் குமிழைத் திறந்து, பிறகு அதைத் தொடாமல் விடுவது. மூன்றாவது, குமிழைத் திருத்தலாம், டிஜிட்டல் கருவி பழுதானால் வீசத்தான் வேண்டும் என்பது. 1990களின் பொருளாதாரத் தடையில் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட மண்ணுக்கு இந்த வாதத்தின் பெறுமதி நன்றாகவே தெரியும். ஆனால் இந்த ஏற்பாட்டில் குமிழும், திருத்தக்கூடிய அம்பிளிபயரும் அப்படியே இருக்கின்றன. அடிக்கடி திருகப்படாத குமிழ் தேய்வதும் குறைவு.

ஆகவே குமிழுக்காக ஒதுக்கிய பணத்தை ஸ்பீக்கருக்கும், தரை ஓடு பதித்ததால் எதிரொலிக்கும் அறையில் ஒரு பாய்க்கும் திரைச்சீலைக்கும் செலவிடுங்கள். அந்த மாற்றம் எந்தக் காதுக்கும் கேட்கும்.