துக்கத்துக்கும் ஆடும் கால்கள்



இந்த மாதம் முழுக்க என் மேசையருகே ஒலித்துக்கொண்டிருந்தது கேஜன் இசை. அமெரிக்காவின் தெற்கே, லூசியானா மாநிலத்தின் சதுப்பு நிலங்களையும் நெல்வயல்களையும் ஒட்டி வாழும் மக்களின் இசை இது. பாட்டெல்லாம் பிரெஞ்சில். எனக்கு அந்த மொழி தெரியாது. பாட்டின் பொருளை யாராவது எழுதிவைத்திருந்தால் தேடிப் படித்துவிட்டு, மறுபடி கேட்பேன். காதலி விட்டுப்போனாள், அம்மா இறந்துபோனாள், வீட்டுக்குத் திரும்ப வழியில்லை என்று நெஞ்சைப் பிழியும் வரிகள். ஆனால் மெட்டோ, கேட்பவரை எழுந்து ஆடச் சொல்கிறது! ஊர்க்காரர்கள் ஜோடி ஜோடியாக ஆடவும் செய்கிறார்கள்.

இவர்களின் முன்னோர் அக்கேடியர்கள். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து 1755இல் தொடங்கி பிரிட்டிஷார் விரட்டியடித்ததில் சிதறி, கடைசியில் லூசியானாவில் வேரூன்றியவர்கள். அங்கும் மொழிக்கு நிம்மதியில்லை. பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்று 1921இல் மாநில அரசியல் சட்டம் விதித்தது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் வளர்ந்து பெற்றோரானபோது, நம் பிள்ளைகளாவது அடி வாங்காமல் இருக்கட்டும் என்று வீட்டிலும் அதைப் பேசாமல் விட்டார்கள். எத்தனை பெரிய இழப்பு! அதன் பிறகும் அந்த மொழி காதில் விழுந்துகொண்டிருந்தது என்றால், அதில் சனிக்கிழமை இரவு நடனக்கூடங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்தக் கூடங்களின் ராஜா அக்கார்டியன். நம் ஆர்மோனியம் போல் வரிசைக் கட்டைகள் இதில் இல்லை, பத்தே பொத்தான்கள். துருத்தியை அமுக்கினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறொன்று. அதனால் வாசிப்பே மூச்சு வாங்குவதுபோல் வெட்டி வெட்டி வருகிறது. பக்கத்தில் ஃபிடில். தாளத்துக்கு ஓர் இரும்பு முக்கோணம். வைக்கோல் வாரும் கருவியின் பழைய பற்களை வளைத்து அந்தக் காலத்தில் செய்துகொண்டார்கள். ஒலிபெருக்கி இல்லாத நாட்களில் இத்தனை இரைச்சலையும் தாண்டிப் பாட வேண்டியிருந்தது. உச்சஸ்தாயியில் அந்தக் குரல் அழுவதுபோல் ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1964இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் வாசித்துக் கைதட்டல் வாங்கிய டூவி பால்ஃபா, ஊர் திரும்பி இந்த இசைக்காகவே உழைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் பழைய பாட்டைப் பாடுவதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஃபூஃபொலே குழு அந்தப் பிரெஞ்சிலேயே புதுப் பாட்டுகள் எழுதுகிறது. மிஷோ சகோதரர்களின் லாஸ்ட் பாயூ ராம்ப்ளர்ஸ், ராக் இசையின் கரகரப்பான மின்னொலியை அக்கார்டியனோடு மோதவிடுகிறது. அவர்களின் ‘கலெண்டா’ இசைத்தொகுப்பு 2018இல் கிராமி விருது பெற்றது. பாரம்பரியம் கெட்டுவிட்டது என்று முகம் சுளிப்பவர்கள் எங்கும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாத்தாவின் துக்கத்தையே எத்தனை நாள் பாடுவது? இருபது வயதுக்காரருக்குத் தன் காதலையும் கோபத்தையும் சொல்ல அந்த மொழி உதவ வேண்டாமா?

கேட்க ஆசைப்படுகிறவர்கள் ‘கலெண்டா’விலிருந்தே தொடங்குங்கள், கொஞ்சம் சத்தமாக வைத்து. பிறகு, 1928இல் ஜோ ஃபால்கனும் கிளியோமா புரோவும் பதிவுசெய்த முதல் கேஜன் இசைத்தட்டுக்குப் போங்கள். உங்களுக்கு எது பிடித்தது என்று அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்