ஊசி காணாத குழந்தையே திடகாத்திரமானதா?

தடுப்பூசி போடப்பெற்ற குழந்தைகள் பிற்காலத்தில் ஆஸ்துமா, ஒவ்வாமை, ஆட்டிசம் முதலிய தீரா உபாதைகளுக்கு ஆளாகிறார்கள் என்றும், ஊசி காணாதவர்களே திடகாத்திரமாக வளர்கிறார்கள் என்றும், இதனை ஆராய எவரும் துணியவில்லை என்றும் ஓர் அபிப்பிராயம் ஓசூர் சிப்காட்டிலிருந்து எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி வரை கைப்பேசி வழியே உலவுகிறது. இது இன்று முளைத்ததன்று. 2017 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பெற்ற தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒருசேர நடந்தபோது, வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் அஞ்சிப் பின்வாங்க, குறித்த கெடுவுக்குள் முடியாமல் நாள்களை நீட்டிக்க நேர்ந்தது.

ஆராயவில்லை என்பது முதற் பொய். நம் செங்கற்பட்டில் 1968இல் தொடங்கிய, பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியின் பரிசோதனை, ஏறக்குறைய 2,80,000 பேரில் ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு மருந்தற்ற ஊசியும் இட்டு, எவருக்கு எது சென்றதென்பதைச் சோதித்தவர்களும் அறியாவண்ணம் மறைத்து, 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று கண்டது. நடத்தியவர்களுக்கே ஏமாற்றமளித்த அம்முடிவை அவர்கள் மறைக்காமல் உலகறிய வெளியிட்டார்கள். சிசுக்களைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பதால்தான் அவ்வூசி இன்றும் இடப்படுகிறது. பாதகமான முடிவையும் பிரசுரித்த ஒரு துறையைப் பார்த்து, உண்மையை ஒளிக்கிறது என்பது நியாயமன்று.

ஆட்டிசம் பற்றிய அச்சத்துக்கு மூலமான 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டுமே கண்டது. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அதனைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆராய்ச்சி, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான ஊசியால் ஆட்டிசம் மிகவில்லை என்று காட்டியது.

ஆயினும் சில ஆய்வுகளில் ஊசி போட்டவர்களிடம் வியாதி அதிகமாகத் தோன்றுவதேன் என்று கேட்பது தக்க கேள்வியே. 2025இல் அமெரிக்க செனட் விசாரணையில் காட்டப்பட்ட, எந்த இதழிலும் அதுவரை வெளிவராத டெட்ராய்ட் ஆய்வை இங்கே பலரும் பிரமாணமாகக் கொள்கிறார்கள். அதிலோ ஊசி போடாத குழந்தைகள் குறுகிய காலமே கண்காணிக்கப்பட்டார்கள். மருத்துவரிடமும் குறைவாகவே சென்றார்கள். இதன் பொருளை அறிய டெட்ராய்ட் வரை போக வேண்டுவதில்லை. சிப்காட்டை ஒட்டிய லைன் வீட்டில், காண்டிராக்ட் முடிந்தவுடன் பாகலூருக்கோ பொம்மசந்திராவுக்கோ குடிபெயரும் வட மாநிலத் தொழிலாளியின் குழந்தை இரவெல்லாம் இழுப்பால் தவித்தாலும், மறுநாள் ஷிஃப்டுக்குப் போகாவிட்டால் கூலி போகுமென்பதால் அதன் தாய் ஆவி பிடிக்கவைத்து மருந்துக்கடைச் சிரப்போடு நிறுத்திவிடுகிறாள். அக்குழந்தைக்கு ஆஸ்துமா இருப்பதாக எந்தப் பதிவேட்டிலும் வரி ஏறுவதில்லை. தவறாமல் ஆரம்ப சுகாதார நிலையம் செல்லும் குழந்தைக்கோ ஒவ்வொரு தும்மலும் எழுத்தாகிறது. ஏட்டில் வியாதி இல்லாமை சரீரத்தில் வியாதி இல்லாமை ஆகாது. மருத்துவமனை ஏட்டை நம்பாமல், பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுத்த 13,000க்கும் மேற்பட்ட ஜெர்மானியச் சிறாரை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒவ்வாமையில் வேற்றுமை காணப்படவில்லை. அவர்களுள் ஊசியே போடாதவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்ற குறையையும் சொல்லியாக வேண்டும்.

இயற்கையாக நோய் கண்டால் பலம் கூடும் என்பது இன்னொரு வாதம். தட்டம்மை, முன்பு கண்ட பிற நோய்களுக்கெதிராக உடல் ஈட்டிவைத்த எதிர்ப்புச் சக்தியிலும் ஒரு பகுதியை அழிக்கிறது. அபூர்வமாகச் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து மூளையைச் சிதைத்துக் கொல்கிறது. நீண்டகால விளைவைப் பற்றிக் கவலைப்படுவோர் இதனையன்றோ முதலில் எண்ணவேண்டும்? ரூபெல்லாவோ, கர்ப்பத்தின் தொடக்கத்தில் தொற்றினால் பிறக்கும் சிசுவுக்குக் கண்புரையும் செவிட்டுத்தன்மையும் இருதயக் கோளாறும் தரவல்லது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் விடுதிகளில் நெருங்கி வாழ்ந்து ஆலைகளில் உழைக்கும் இவ்வட்டாரத்துக்கு அந்த அபாயம் அந்நியமானதன்று.

ஊசிக்குப் பின் காய்ச்சல் வரும், தொடை வீங்கும், வெகு அபூர்வமாகக் கடும் ஒவ்வாமையும் நேரும். அதை மறைப்பவர் பெற்றோருக்கு நன்மை செய்பவரல்லர். ஆகையால் ஐயமுள்ள தாய்மார்கள் கிராம சுகாதார செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். ஊர் மாறும்போது தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஆலை நிர்வாகிகளே, ஊசி போடும் புதன்கிழமையன்று குழந்தையைத் தூக்கிச் செல்லும் தொழிலாளியின் கூலியைப் பிடிக்காதீர்கள்.