மூணு நாள் ரோம்: பாதியைப் பாருங்க, உட்கார்ந்து சாப்பிடுங்க

கொஞ்சம் நீளமான இழை. ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலை பார்க்குறீங்க, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஒரு நீண்ட வார இறுதியில் அவங்களை ரோமுக்குக் கூட்டிட்டுப் போகப் போறீங்கன்னா, இது உங்களுக்குத்தான்.

முதல்லயே என் கருத்தைச் சொல்லிடறேன். நீங்க போட்டு வச்சிருக்கிற அந்த மூணு நாள் பட்டியல் இருக்கே, அதில் பாதியை அடிச்சிடுங்க. மிச்சமாகிற நேரத்தை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடச் செலவு பண்ணுங்க. இதைச் சோம்பேறித்தனத்துக்காகச் சொல்லலை, ஒரு டாக்டரா சொல்றேன்.

ஏன்னு கேட்டா, ரோம் ஒரு நடக்குற ஊர். கொலோசியம், பக்கத்திலேயே ஃபோரம், பாலத்தீன் குன்று, மதியம் ட்ரெவி நீரூற்று, சாயங்காலம் ஸ்பானிஷ் படிக்கட்டு. மேப்பில் எல்லாம் பக்கத்துல பக்கத்துலதான் தெரியும். சாயங்காலம் போனை எடுத்துப் பார்த்தா 20,000 அடி காட்டும். ஊரில் உங்க அப்பா காலையில் பார்க்கில் நடக்குறது 4,000, 5,000 அடி. அதுவும் சமதளத்தில்.

இங்கே தரை முழுக்க சம்பியெத்ரீனி. கருங்கல்லைச் சின்னச் சின்னதா வெட்டிப் பதிச்ச தெரு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், மேடு பள்ளமா இருக்கும், மழை பெய்ஞ்சா வழுக்கும். முட்டி தேய்ந்தவங்களுக்கு இது எரிச்சல். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு இது ஆபத்து.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, டூர் முடிஞ்சு வர்ற சர்க்கரை நோயாளிகளில் நான் பயப்படுறது வயித்துப்போக்குக்கோ சளிக்கோ இல்ல. பாதத்துக்குத்தான். பையன் ஆசையா வாங்கிக் கொடுத்த புது ஷூவைப் போட்டுட்டு நாள் முழுக்க நடந்திருப்பார். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் வந்து உடைஞ்சிருக்கும். வலி தெரியாது, அதனால சாக்ஸைக் கழற்றிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஊருக்கு வந்து பத்து நாள் கழிச்சு வாடை அடிக்கும்போது கிளினிக்குக்கு வருவார். அப்புறம் நடக்கிற வைத்தியம் மாசக்கணக்கில். சிலருக்கு விரலே போயிடும்.

அதனால புது ஷூ வேண்டாம். ரெண்டு மாசமாவது போட்டுப் பழகின ஷூ, தையல் உறுத்தாத சாக்ஸ். ராத்திரி அறைக்கு வந்ததும் அப்பாவோட பாதத்தை உங்க கையில எடுத்து, போன் டார்ச் அடிச்சு, விரல் இடுக்கு உட்படப் பாருங்க. கூச்சப்படுவார். பரவாயில்ல, பாருங்க.

அடுத்தது மாத்திரை. இதுதான் சாப்பாட்டு நேரத்தோட நேரா மோதுற இடம்.

நம்ம ஊரில் நிறைய பேர் காலையில் கிளிமிபிரைடு போடுறாங்க. அது நாள் முழுக்க இன்சுலினைச் சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். ஊரில் எட்டு மணிக்கு இட்லி, ஒண்ணரைக்குச் சாதம், நாலு மணிக்கு டீ பிஸ்கட், எட்டு மணிக்கு சப்பாத்தின்னு உடம்பு ஒரு கணக்கில் ஓடும். ரோமில் என்ன ஆகுது? காலையில் ஒரு காபி, ஒரு குரோசாண்ட் மாதிரி கோர்னெத்தோ. மதியம் வரிசையில் நிக்கிறோம்னு சாப்பாடு தள்ளிப்போகும். மூணு மணிக்குச் சாப்பிடலாம்னு போனா பல கடைகளில் சமையலறையை மூடியிருப்பாங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலான நல்ல கடைகள் திறக்கிறதே ஏழரை மணிக்கு. தட்டு மேஜைக்கு வர எட்டரை.

இதுக்கு நடுவில் 20,000 அடி. நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சும். அந்த வேகம் நடை நின்னதும் நிக்காது, மறுநாள் வரைக்கும்கூட நீடிக்கும். மாத்திரை ஒரு பக்கம், நடை ஒரு பக்கம், பட்டினி ஒரு பக்கம். சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயங்குறதுக்கு வேற என்ன வேணும்? கூட இருக்கிறவங்க "வெயில்ல அலைஞ்ச அசதி"ன்னு நினைச்சுப் படுக்க வச்சிடுவாங்க. படுக்க வைக்காதீங்க, விரலில் குத்தி சர்க்கரையைப் பாருங்க. மீட்டர் கையில இல்லையா, முழிப்பா இருந்தா முதல்ல மூணு டீஸ்பூன் சர்க்கரையைக் கொடுங்க. ரோமில் எந்த காபி பாரிலும் சர்க்கரைப் பொட்டலம் மேஜையிலேயே இருக்கும், நாலஞ்சு எடுத்து சட்டைப் பையில போட்டுக்கலாம். சாக்லேட்டும் ஜெலாட்டோவும் இதுக்கு உதவாது. அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதப்படுத்தும். ஆள் மயக்கத்தில் இருந்தா வாயில் எதையும் ஊத்தாதீங்க, 112-க்குப் போன் போடுங்க.

என் யோசனை: மதியச் சாப்பாட்டைப் பெரிய சாப்பாடாக்குங்க. பன்னிரண்டரை, ஒரு மணிக்கே போய் உட்காருங்க. கூட்டம் குறைவு, அவசரப்படுத்த மாட்டாங்க. ஒன்றரை மணி நேரம் கால் ஓய்வெடுக்கும். வெயில் உச்சத்தில் ஃபோரத்தில் நிக்கிறதும் தவிரும். அங்கே நிழல் ரொம்பக் குறைவு.

என்ன சாப்பிடறது? ரோமுக்குன்னே நாலு பாஸ்தா உண்டு: காச்சோ எ பெப்பே, க்ரீச்சா, அமத்ரிச்சானா, கார்போனாரா. இதில் பின்னாடி இருக்கிற மூணிலும் குவான்சாலே, அதாவது பன்றியின் தாடைக் கறி இருக்கும். காச்சோ எ பெப்பேயில் பாலாடைக்கட்டியும் மிளகும்தான். நம்ம நாக்குக்கு மிளகு பிடிக்கும். ஆனா சுத்த சைவம்னா ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும்: அந்த பெக்கொரீனோ கட்டியை உறைய வைக்க ஆட்டுக்குட்டி வயித்திலிருந்து எடுக்கிற ரென்னெட்டைத்தான் பயன்படுத்துறாங்க. தெரிஞ்சுட்டு முடிவு பண்ணுங்க, தெரியாம சாப்பிட்டுட்டு அம்மா பிறகு வருத்தப்பட வேண்டாம். இன்னொண்ணு, இந்தக் கட்டியில் உப்பு அதிகம். பிபி இருக்கிறவங்க ரெண்டு வேளையும் அதையே சாப்பிடாதீங்க.

ஒரு தட்டு பாஸ்தாவில் இருக்கிற மாவுச்சத்து கிட்டத்தட்ட அஞ்சு இட்லிக்குச் சமம். ஒரு தட்டை ரெண்டு பேர் பகிர்ந்துக்கலாம். கூடவே கோன்தோர்னோன்னு மெனுவில் ஒரு பகுதி இருக்கும். காய்கறி எல்லாம் அங்கேதான். சிக்கோரியா ரிப்பஸாத்தான்னு கேளுங்க. கீரையை வேக வச்சு, பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வதக்கித் தருவாங்க. தேங்காய் மட்டும்தான் இல்ல, மத்தபடி நம்ம வீட்டுக் கீரைப் பொரியல்தான்.

முதல் ராத்திரிக்குப் புளியோதரை கட்டிட்டுப் போறதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். நல்ல யோசனை. ஆனா மூணு நாளும் பிஸ்கட், முறுக்குன்னு ஓட்டுறது வேண்டாம்.

காபி பாரில் நின்னுட்டுக் குடிச்சா ஒரு விலை, உட்கார்ந்து குடிச்சா அதைவிட அதிகம். "அநியாயம்"னு சொல்லி முட்டி வலிக்கிற அம்மாவை நிக்க வைக்காதீங்க. அது காபிக்கு விலை இல்ல, நாற்காலிக்கு வாடகை. கழிப்பறையும் அதிலேயே அடங்கும். வெளியில் உட்கார இடம் தேடறதும் லேசுல்ல. ஸ்பானிஷ் படிக்கட்டில் உட்கார்ந்தா 2019-லிருந்து அபராதம்.

கழிப்பறைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நம்ம பெண்கள் வெளியூரில் தண்ணியே குடிக்க மாட்டாங்க. எங்க போறதுன்னு பயம். ஜூலை வெயிலில் அப்படி இருந்தா நீர்க்கடுப்பு, தலைசுற்றல். நீர் பிரியற மாத்திரையோ, டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரையோ சாப்பிடறவங்களுக்கு இன்னும் மோசம். ரோமில் தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. நசோனின்னு சுமார் 2,500 குழாய்கள் தெருவெங்கும் ஓடிக்கிட்டே இருக்கு, 1874-லிருந்து. நல்ல குடிநீர், ஜில்லுனு இருக்கும். குழாய் வாயை விரலால் அடைச்சா மேலே இருக்கிற ஓட்டை வழியா தண்ணி வளைஞ்சு வரும். பேரப்பிள்ளைங்க அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டாங்க.

சரி, எதைத்தான் பார்க்கிறது? நான் சொன்னா ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம். வாத்திகன் அருங்காட்சியகம் போனா அன்னைக்கு அவ்வளவுதான். சிஸ்டைன் சேப்பலில் கூட்டத்தோட நடுவில் நின்னு அண்ணாந்து பார்க்காதீங்க, கழுத்து எலும்பு தேய்மானம் உள்ளவங்களுக்குத் தலை சுத்தும். சுவரோரம் பெஞ்சு இருக்கு, இடம் கிடைக்கிற வரை காத்திருந்து உட்கார்ந்து பாருங்க. புனித பீட்டர் பேராலயத்தின் குவிமாடத்துக்கு லிஃப்ட் இருக்குன்னு போர்டைப் பார்த்து ஏமாறாதீங்க. லிஃப்டுக்கு அப்புறமும் 320 படி இருக்கு, குறுகலா, சாய்வா. நெஞ்சு வலி இருந்தவங்க கீழேயே இருங்க.

பாந்தியன் கட்டாயம் போங்க. படி ஏற வேண்டாம், உட்கார்ந்தே பார்க்கலாம். 43 மீட்டர் அகலக் குவிமாடம், கம்பியே இல்லாத காங்கிரீட், கிட்டத்தட்ட 1,900 வருஷமா நிக்குது. நடுவில் திறந்த வட்டம். மழை பெய்ஞ்சா உள்ளேயே விழும், தரையில் இருக்கிற ஓட்டைகள் வழியா வடிஞ்சிடும்.

சின்ன இடம்னா எனக்குப் பிடிச்சது திபெர் ஆற்றில் இருக்கிற தீவு. பயணிகள் நிறைய பேர் தவறவிடற இடம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளை நோய்க்குப் பிறகு வைத்தியக் கடவுள் அஸ்குலாபியஸுக்கு அங்கே கோயில் கட்டினாங்க. கோலில் சுத்தின பாம்பு, அதான் எங்க தொழிலோட சின்னம், அந்தக் கடவுளோடதுதான். அதே தீவில் 1585-லிருந்து ஒரு ஆஸ்பத்திரி நடக்குது, இன்னைக்கும். அங்கிருந்து பாலத்தைத் தாண்டினா பழைய யூதர் தெரு. அந்தப் பாலமே கி.மு. 62-ல் கட்டினது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைக்குள் போனா அங்கே முழு ஆர்டிசோக்கைப் பூ மாதிரி விரிச்சு மொறுமொறுன்னு பொரிச்சுத் தருவாங்க. எண்ணெய்தான். ஒண்ணு சாப்பிடுங்க, தப்பில்ல.

கிளம்பறதுக்கு முன்னாடி மூணு வேலை. ஷெங்கன் விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ காப்பீட்டில் ஏற்கனவே இருக்கிற நோய்க்குப் பணம் தருவாங்களான்னு வாசிச்சுப் பாருங்க, பல பாலிசிகளில் தர மாட்டாங்க. இன்சுலினைக் கைப்பையில் வைங்க, லக்கேஜில் போட்டா உறைஞ்சு வீணாகலாம். அப்பாவோட டாக்டரைப் பார்த்து, "இந்த மூணு நாளும் ரொம்ப நடப்பார், சாப்பாடு லேட்டாகும், கிளிமிபிரைடு அளவைக் குறைக்கணுமா?"ன்னு நேரடியா கேளுங்க. நீங்களா குறைக்காதீங்க. அவர்கிட்டயே மருந்தோட பொதுப்பெயரில் ஒரு சீட்டும் எழுதி வாங்கிக்குங்க. ரோமில் பச்சைச் சிலுவை எரியற மருந்துக்கடையில் நம்ம ஊர் பிராண்டு பேரைச் சொன்னா புரியாது.