ஹெல்சிங்கி - டோக்கியோ: நீண்டுபோன வான்வழி

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட நேர்த்தூரம் சுமார் 7,800 கிலோமீற்றர்களாகும். 2022ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பின்எயார் விமானங்கள் இத்தூரத்தை ஒன்பதரை மணித்தியாலங்களில் கடந்து வந்தன. இப்போது அதே பயணத்துக்கு ஏறக்குறையப் பதின்மூன்று மணித்தியாலங்கள் தேவைப்படுகின்றன. விமானங்களின் வேகம் குறைந்துவிடவில்லை. உக்ரேன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து, 2022 பெப்ரவரி இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தனது வான்பரப்பை மூடியது. பதிலடியாக 36 நாடுகளின் விமானசேவைகளுக்கு மொஸ்கோ தனது வானத்தை மூடியது.

எனவே விமானங்கள் ஒன்றில் வடதுருவத்தைக் கடந்து அலாஸ்கா வழியாகச் சுற்றிவர வேண்டும். அல்லது தெற்கே கோகேசியா, மத்திய ஆசியா, சீனா ஊடாகச் செல்ல வேண்டும். துருவவழி பின்லாந்துக்குப் புதியதன்று. சோவியத் ஒன்றியம் சைபீரிய வானத்தைத் திறந்துவிடத் தயங்கிய காலத்தில், 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் இதே நிறுவனம் துருவத்தின் மேலாக டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. அப்போதும் பயணநேரம் பதின்மூன்று மணித்தியாலங்களே. நாற்பது ஆண்டுகால விமானத் தொழில்நுட்ப முன்னேற்றம் பயணியின் கைக்கடிகாரத்தில் தெரியாமற் போயிற்று என்பது விசித்திரமே.

ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் மிகக் குறுகிய வழி தம்முடையதே என்ற ஒரே அனுகூலத்தின் மீது கட்டியெழுப்பப்பட்ட நிறுவனம் இது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் பின்லாந்து அரசுக்குரியவை. ஆதலால் இழப்பின் சுமை அந்நாட்டு மக்களின் தலையிலும் விழுகின்றது. தனது நிலப்பரப்புக்கு மேலுள்ள வானத்தின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழுமையான இறைமை உண்டென 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை ஏற்றுக்கொண்டிருப்பதால், மொஸ்கோவை எந்த நீதிமன்றத்துக்கு இழுப்பது என்ற கேள்விக்கு எளிதில் விடை காணவியலாது. மூடியதால் ரஷ்யாவும் இழந்திருக்கின்றது: சைபீரியாவைக் கடப்பதற்கு ஐரோப்பிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் செலுத்திவந்த பெருந்தொகைக் கட்டணம் நின்றுபோனது.

இலாபமடைந்தோர் சீன நிறுவனங்களே. அவற்றுக்கு ரஷ்ய வானம் திறந்தே உள்ளது. குறைந்த நேரம், குறைந்த எரிபொருள், அதனால் மலிவான பயணச்சீட்டு. இப்போட்டியில் நின்றுபிடிக்க இயலாத ஐரோப்பிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. வேர்ஜின் அற்லான்டிக் தனது ஷங்ஹாய் சேவையையும் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் பெய்ஜிங் சேவையையும் 2024 ஒக்டோபரில் நிறுத்தின.

தெற்கு வழியும் அச்சமற்றதன்று. 2024 டிசம்பர் 25ஆம் திகதி அஸர்பைஜான் எயார்லைன்ஸ் விமானம் ரஷ்ய வான்பாதுகாப்புத் தாக்குதலினால் சேதமடைந்து கஸக்ஸ்தானின் அக்டாவ் அருகே வீழ்ந்ததில் 38 பேர் உயிரிழந்தனர். 2025 ஜூனில் இஸ்ரேல் - ஈரான் போர் மூண்டபோது ஈரான், ஈராக் வான்பரப்புகளும் மூடப்பட்டன. வடக்கே ரஷ்யாவுக்கும் தெற்கே ஈரானுக்கும் இடையில், கோகேசியாவின் மேலாகச் செல்லும் ஒடுங்கிய வான்பாதையொன்றையே அப்போது ஐரோப்பிய விமானங்கள் நம்பியிருக்க நேர்ந்தது.