பங்குனி வெயிலும் பள்ளித் திடலும்



மார்ச் மாதம் பிறந்ததும் குளிர்நாடுகளில் வசந்தகால வானிலை முன்னறிவிப்பை மக்கள் கவலையோடு எதிர்நோக்குவர். பகலில் பலத்த காற்று வீசுமா, இரவில் உறைபனி இறங்குமா என்பது அங்கே உழவர்களின் வாழ்வாதாரப் பிரச்சினை. 2021 ஏப்ரலில் பிரான்சு நாட்டின் திராட்சைத் தோட்டங்களைக் கடும் உறைபனி தாக்கியது. தளிர்களைக் காப்பாற்ற, விவசாயிகள் கொடிகளுக்கிடையே இரவெல்லாம் தீ மூட்டி விழித்திருந்தனர். அப்படியிருந்தும் பேரிழப்பு நேர்ந்தது.

கோப்பெங்கில் வாழும் நமக்கு உறைபனி ஏது என்று நீங்கள் கேட்கலாம். நம்மிடமிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கேமரன் மலையில்கூட 1978 பிப்ரவரி 1ஆம் நாள் பதிவான 7.8 பாகை செல்சியசுதான் நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை எனப்படுகிறது. ஆனால் நம் மாணவர்களிடம் பருவகாலங்களை வரையச் சொல்லிப் பாருங்கள். பனிமனிதன், இலையற்ற மரம், வசந்தகாலப் பூக்கள், கடற்கரை வெயில் என நான்கு படங்கள் வரும். சற்றுக் கூடுதலாகப் படித்த பிள்ளை கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளையும் ஒப்புவிக்கும். அந்த ஆறும் தமிழகத்து நிலத்துக்கு உரியவை. அக்கணக்கின்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். கோப்பெங்கில் பங்குனி மாதத்தில் பனியைத் தேடினால் ஐஸ் கச்சாங் கடையில்தான் கிடைக்கும்!

இலக்கியத்தில் ஆறு பொழுதுகளைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. அவற்றோடு இம்மண்ணின் பருவத்தையும் தமிழில் கற்பிக்க வேண்டும் என்பதே என் வாதம். அந்த அறிவு நம் முன்னோரிடம் இருந்தது. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியர் எந்த வானிலை வரைபடத்தையும் பார்த்தவர்கள் அல்லர். ஆயினும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரங்கள் சிவந்து இலையுதிர்த்தால் அடுத்து என்ன வரும் என்பதை அறிந்திருந்தனர். புதுத்தளிர் முற்றும் வரை பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும், கடைக்கணக்கு ஏறும். விடியற்காலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் பால்வெட்டு இல்லை. லயத்து வீட்டு வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பது அவர்களுக்கு அன்றைய வருமானத்தைக் கணக்கிடும் வேலை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் போய்த் தாமான் வந்தது. வானத்தைப் பார்க்கும் பழக்கமும் கூடவே போய்விட்டது.

சரி, நம் வட்டாரத்தின் 'வசந்தகாலம்' எப்படிப்பட்டது?

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. சைபீரியாவிலும் சீனாவிலும் இரவுகளை உறையச் செய்யும் அதே குளிர்காற்றுதான் தென்சீனக் கடலைக் கடந்து ஈரம் சுமந்து வந்து கிளந்தானிலும் திரெங்கானுவிலும் கொட்டித் தீர்க்கிறது. தித்திவங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால், மேற்கிலுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கிற்கு அதில் சிறு பங்கே கிட்டுகிறது. மார்ச் இறுதியில் அக்காற்று தளர்ந்ததும் பருவக்காற்று மாற்றக் காலம் தொடங்கி மே வரை நீடிக்கிறது. காற்றோட்டம் குறைவு, காலையில் சுள்ளென்ற வெயில், நண்பகலுக்குப் பின் கிழக்கே மலைகளின்மேல் மேகம் குவிதல், மாலையில் சூறைக்காற்று, இடி, மின்னல், கொட்டும் மழை. தகரக் கூரைகள் பறப்பதும் மரங்கள் சாய்வதும் இக்காலத்தில்தான் மிகுதி.

இனி நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். பல பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கைகளும் விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சிகளும் பிற்பகல் இரண்டரை, மூன்று மணிக்கு நடைபெறுகின்றன. 'உச்சி வெயில் தாழ்ந்துவிட்டதே' என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது கடிகாரம் செய்யும் மாயம். 1982 ஜனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டது. நாம் பயன்படுத்துவது 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரிய நேரம். கோப்பெங் இருப்பதோ ஏறத்தாழ 101 பாகையில். ஆகவே இங்கே ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் பிற்பகல் 1.20 அளவில்! நாம் மாணவர்களைத் திடலில் இறக்கும் மூன்று மணி என்பது சூரியக் கணக்கில் இரண்டு மணிகூட ஆகாத நேரம். நிலம் சூடேறிக் காற்று கொதிக்கும் வேளை அது. அதைத் தாண்டி நான்கு, ஐந்து மணிக்குத் தள்ளினால் இடிமழை வந்து நிற்கும்.

வெப்பம் உயிரைப் பறிக்கும் என்பது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2016 ஏப்ரலில் கடும் எல் நினோ காலத்தில் பெர்லிஸ், கெடா மாநிலப் பள்ளிகள் இரண்டு நாள் மூடப்பட்டன. 2023 ஏப்ரலில் கிளந்தானில் பள்ளி வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தால் மாண்டான். மலேசிய வானிலை ஆய்வுத் துறை மூன்று நிலைகளில் வெப்ப அறிவிப்பு வெளியிடுகிறது. அன்றாட உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை வரை இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 வரை இரண்டாம் நிலை. 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. இந்த அளவு, வெயில் படாத, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது. சிமெண்டுத் தளத்தில் வரிசையாக நிற்கும் ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளையின் உடல் உணர்வது இதைவிடக் கடுமையானது. 34 பாகைதான், அறிவிப்பு வரவில்லையே என்று நாம் ஆறுதல் கொள்வதில் பொருளில்லை.

மின்னலைப் பற்றியும் ஒரு சொல். மழைத்துளி விழுந்த பிறகே பயிற்சியை நிறுத்துவது வழக்கமாக உள்ளது. மழைக்கு முன்பே மின்னல் தாக்கக்கூடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அப்போதே பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் கொண்டுசெல்ல வேண்டும். இரும்புக்கால் நட்ட கூடாரமும் திடலோர மரமும் புகலிடம் ஆகா. கடைசி இடி கேட்டு அரைமணி கழியும் வரை திடலுக்குத் திரும்பலாகாது.

அப்படியானால் பயிற்சியை எப்போது நடத்துவது? காலை ஏழரை முதல் ஒன்பது வரை. சூரியக் கணக்கில் அது ஆறேகாலுக்கும் ஏழே முக்காலுக்கும் இடைப்பட்ட இளவெயில். பாடவேளை கெடும் என்பர் சிலர். வேனுக்கு வழியில்லை என்பர் சிலர். இரண்டும் நியாயமான தடைகளே. நகரப் பள்ளிக்கு எளிதாவது பத்து மைலுக்கு அப்பாலிருந்து வேனில் வரும் பிள்ளைகளின் பள்ளிக்கு எளிதன்று. ஆயினும் உடற்கல்விப் பாடத்தை அட்டவணையின் முதல் இரு வேளைகளில் வைக்கவும், மார்ச் முதல் மே வரையிலும் மட்டுமாவது ஓட்டப் பயிற்சியைச் சனிக்கிழமைக் காலைக்கு மாற்றவும் முடியும். ஆண்டு முழுவதையும் தலைகீழாக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தலைசுற்றினால் 'நடிக்கிறான்' என்று சொல்லும் பழக்கத்தை இன்றே கைவிடலாம். அதற்கு எந்த அட்டவணையும் தடையில்லை.

வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலி மாவட்ட வாரியாக முன்னறிவிப்பு தருகிறது. நமக்கு உரியது கம்பார் மாவட்டம். அதில் வரும் 'ரிபுட் பெத்திர்' என்பதை இடிமழை என்றும் 'பெராலிஹான் மொன்சூன்' என்பதைப் பருவக்காற்று மாற்றம் என்றும் தமிழாக்கி, நாளுக்கு ஒரு மாணவர் சபைகூடலில் வாசிக்கட்டும். இரண்டு நிமிடம் போதும். அதே வரியை வகுப்பாசிரியர் பெற்றோர் புலனக் குழுவிலும் பகிரலாம். காலை வணக்கப் படங்களுக்கிடையே ஒரு பயனுள்ள செய்தி இருந்துவிட்டுப் போகட்டுமே!

ஏப்ரல் முதல் நாளையொட்டிச் சூரியன் கோப்பெங்கின் தலைக்கு நேர் மேலே வருகிறது. பள்ளி விடும் வேளையில், 1.20க்கு, திடலோரம் ஒரு குச்சியை நிமிர்த்தி நட்டு மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் குச்சியின் அடியிலேயே ஒடுங்கிவிடும். மூன்று மணிக்கு மீண்டும் பார்த்து, நிழல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து, அந்த அளவை அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பயிற்சி நேரத்தைப் பேசும்போது முன்வையுங்கள்.