சொல்லும் பொருளும்: பாடு

ஆங்கிலம் பயிலும் பிள்ளைகளைத் திகைக்க வைக்கும் வினைச்சொற்களுள் 'டேக்' என்பதும் ஒன்று. 'எடு' என்று பொருள் எழுதி வைத்துக்கொண்ட மாணவன் அடுத்த பக்கத்திலேயே இடர்ப்படுகிறான். 'டேக் ஆஃப்' என்றால் உடையைக் களைவது. வானூர்தி மேலெழுவதும் அதுவே. 'டேக் ஆஃப்டர்' என்றால் பெற்றோரின் சாயலில் இருப்பது. 'டேக் இன்' என்றால் புரிந்துகொள்வது, ஏமாற்றுவதும் ஆகும். 'டேக் பிளேஸ்' என்றால் நிகழ்வது. 'டேக் டர்ன்ஸ்' என்றால் ஒருவர்பின் ஒருவராக முறை வைத்துச் செய்வது.

"இது என்ன மொழி!" என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு நம் 'படு' என்னும் சொல்லைக் காட்டுங்கள். பாயில் படுக்கிறோம். காலில் கல் படுகிறது. கண்ணில் ஒரு பொருள் படுகிறது. பட்ட மரம் தளிர்ப்பதில்லை. ஆசைப்படுகிறோம், அச்சப்படுகிறோம். கடிதம் எழுதப்படுகிறது. துன்பம் பட்டுப் பெறும் அறிவு பட்டறிவு. மீனவர் வலையில் மீன் படுகிறது. நாம் பிறந்தது முதல் பேசிவருவதால் இவற்றின் விந்தை நமக்குத் தோன்றுவதில்லை.

'கெடு' என்பது 'கேடு' ஆவது போல, 'படு' நீண்டு 'பாடு' ஆகிறது. இலக்கண நூலார் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். பாட்டுப் பாடுவது வேறு சொல். இந்தப் பாடு உழைப்பையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். ஆண்டவர் நமக்காக ஏற்ற வேதனைகளைத் திருப்பாடுகள் என்கிறோம். வலையில் அகப்பட்ட மீனின் அளவு மீன்பாடு. 'அது அவன் பாடு' என்று பிறர் துன்பத்தைக் கைகழுவி விடும்போதும் இதே சொல்லையே எடுத்தாளுகிறோம்.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரியின் கரையில், இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பகுதியில் இறால் மிகுதி. எல்லாரும் ஒரே வேளையில் அங்கே வலை விரித்தால் சண்டையே மிஞ்சும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் முன்னோர் காலத்திலிருந்தே ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டனர். ஊர்களுக்கிடையே முறை, ஊருக்குள்ளும் சீட்டுப் போட்டு முறை. இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று வரும் அந்த முறைக்குப் பெயர் பாடு! 'டேக் டர்ன்ஸ்' என்று ஆங்கிலேயர் இரு சொல்லால் சொல்வதை இம்மக்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர்.

இலங்கையில் கரைவலை இழுக்கும் இடத்தையும் தமிழர் பாடு என்றே அழைக்கின்றனர். அங்கே நீர்கொழும்புக் களப்பிலும் மீனவர் சீட்டுக் குலுக்கி இறால் பிடிக்கும் இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். அவ்வழக்கத்திற்கு 1958இல் அரசு விதிகளும் இயற்றப்பட்டன.

முறை என்றால் வலியவனும் காத்திருக்க வேண்டும். எளியவனுக்கும் நல்ல இடம் ஒருநாள் கிட்டும். எனினும் இவ்வொழுங்கைக் குறையற்றது என்று புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையாகாது. பாட்டுரிமை பட்டினவர் சமூகத்தாருக்கே என்பது பழைய வழக்கம். அதே ஏரியை நம்பி வாழும் பிற சமூகத்தார் வெளியே நின்றனர். அதனால் பூசல்களும் எழுந்தன. குடும்பங்கள் பெருகப் பெருக, ஒருவருக்குப் பாடு வரும் நாள்களின் இடைவெளியும் நீண்டது.

இன்னொரு குறையும் உண்டு. பாட்டுரிமை ஆண்களின் பெயரிலேயே வழங்கிவந்தது. பிடித்த மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்று, வீடு திரும்பி உலை வைப்பவளுக்கு அந்தப் பாட்டில் இடமில்லை. முறை என்னும் பாடு ஆணுக்கு. உழைப்பு என்னும் பாடு அவளுக்கும் உண்டு!

இக்குறையை ஏரிக்கரையில் மட்டும் தேட வேண்டியதில்லை. நம் இல்லங்களை நோக்குவோம். விடியலில் எழுந்து தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, துணி துவைப்பது, நோயுற்ற முதியவரின் அருகே இரவில் கண்விழிப்பது ஆகிய அனைத்தும் ஒருத்தியின் பாடாகவே இருக்கின்றன. மற்றவர்க்கு முறை வருவதே இல்லை. வராததன் காரணம், யாரும் சீட்டுப் போடாததே!

இன்றிரவு உணவுக்குப்பின் பிள்ளைகளை அழைத்து 'படு' என்னும் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று எண்ணச் சொல்லுங்கள். விளையாட்டாகவே தொடங்கட்டும். அது முடிந்ததும் குடும்பத் தலைவர் ஒரு தாளை எடுத்து வீட்டு வேலைகளை வரிசையாக எழுதட்டும். பாத்திரம் துலக்குவதற்கான முதற் பாட்டைத் தம் பெயரிலேயே எழுதிக்கொள்ளட்டும்.